ஒற்றை இலத்திரன் தருக்கச் சுற்றுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பௌதிகவியல் படிப்பவர்களும், கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிப்பவர்களும், உயர்தரத்தில் தருக்கப் படலைகளை முடித்துவிட்டு அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தேடுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே உள்ளன. கணக்குகள் நிறைய வரும். கல்குலேற்றரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணையும் நீங்களே சரிபாருங்கள்.

ஒற்றை இலத்திரன் சுற்று எண்டால் வயருக்குள்ள ஒரேயொரு இலத்திரன்தான் ஓடுமோ?

இல்லை. 1 மைக்ரோமீற்றர் நீளமும் 60 நானோமீற்றர் அகலமும் 25 நானோமீற்றர் தடிப்பும் உள்ள அலுமினியத் துண்டில் கடத்தும் இலத்திரன்கள் மட்டும் இருபது கோடிக்கு மேல் இருக்கும். அந்தத் துண்டை மெல்லிய காவலிப் படைகளால் சுற்றிலுமிருந்து பிரித்துவிட்டால் அது ஒரு 'தீவு'. தீவில் ஏற்கெனவே உள்ள கோடிக்கணக்கானவற்றோடு இன்னும் ஒன்று ஏறியதா, இறங்கியதா என்பதைக் கட்டுப்படுத்துவதுதான் இந்தத் துறை.

அந்த ஒரு இலத்திரனை எது மறிக்குது?

கூலோம் தள்ளுகை. கொள்ளளவி ஒன்றை ஏற்றச் சக்தி வேண்டும் என்று உயர்தரத்தில் படித்தீர்கள். ஏற்றத்தின் வர்க்கத்தை இருமடங்கு கொள்ளளவத்தால் வகுத்தால் அது வரும். ஏற்றத்துக்கு ஓர் இலத்திரனின் 1.602 × 10⁻¹⁹ கூலோமையும், கொள்ளளவத்துக்கு 1 பெம்டோபரட்டையும் (10⁻¹⁵ பரட்) போட்டால் 80 மைக்ரோ இலத்திரன்வோல்ற்று கிடைக்கும். வெப்பநிலையாகச் சொன்னால் 0.93 கெல்வின். கொள்ளளவத்தை 1 அட்டோபரட்டாக (10⁻¹⁸ பரட்) ஆயிரம் மடங்கு குறைத்தால் சக்தி 80 மில்லி இலத்திரன்வோல்ற்றாக உயர்கிறது. சுற்றியுள்ள வெப்பச் சக்தி இதைவிட நன்றாகக் குறைவாக இருந்தால், அந்தச் சக்தியை வெளியிலிருந்து கொடுக்கும்வரை இலத்திரன் தீவில் ஏறாது. இதுவே கூலோம் தடுப்பு.

இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தீவை வெளியோடு இணைக்கும் ஒவ்வொரு சுரங்கச் சந்தியின் (இலத்திரன் குவாண்டம் முறையில் ஊடுருவித் தாவக்கூடிய மெல்லிய காவலிப் படையின்) தடையும் 25.8 கிலோஓமைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். பிளாங் மாறிலியை இலத்திரன் ஏற்றத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் அது. தடை அதைவிடக் குறைந்தால், நிச்சயமின்மைத் தத்துவத்தின்படி, 'இலத்திரன் தீவில்தான் இருக்கிறது' என்று சொல்லவே முடியாமற்போகும். நடைமுறையில் ஒரு சந்திக்கு 50 முதல் 200 கிலோஓம் வரை வைப்பார்கள். மிகக் கூட்டினால் ஓட்டம் அளக்கமுடியாத அளவுக்குச் சிறுத்துவிடும்.

இதில திரான்சிற்றர் எங்கை வருது?

ஒரு தீவு, அதன் இரு பக்கமும் இரண்டு சுரங்கச் சந்திகள், சற்றுத் தள்ளி ஓட்டம் பாயாத ஒரு படலை மின்வாய். அவ்வளவுதான். கொள்கையை 1980களின் நடுப்பகுதியில் மொஸ்கோவில் அவெரினும் லிகரெவ்வும் எழுதினார்கள். 1987இல் பெல் ஆய்வுகூடத்தில் ஃபுல்டனும் டோலனும் அதைச் செய்து காட்டினார்கள்.

மொஸ்பெற் என்ற வழக்கமான திரான்சிற்றரில் படலை வோல்ற்றளவைக் கூட்டக் கூட்ட ஓட்டம் கூடும். இங்கே ஓட்டம் கூடும், குறையும், மறுபடி கூடும். இலத்திரன் ஏற்றத்தைப் படலைக் கொள்ளளவத்தால் வகுத்த அளவுக்கு ஒருமுறை அதே கோலம் திரும்புகிறது. படலைக் கொள்ளளவம் 1 அட்டோபரட் என்றால் ஒவ்வொரு 160 மில்லிவோல்ற்றுக்கும் ஒரு சிகரம். தருக்கத்துக்கு இது பெரிய வரம். இரண்டாவது படலை ஒன்றைச் சேர்த்து, கோலத்தை அரைச் சுற்று நகர்த்திவிட்டால், அதே சாதனம் ஒருமுறை என் வகையாகவும் மறுமுறை பி வகையாகவும் நடக்கும். அப்படி இரண்டைத் தொடராக வைத்து, உள்ளீட்டை இரண்டுக்கும் பொதுவாகக் கொடுத்து, நடுவில் வெளியீட்டை எடுத்தால் ஒரு நொட் படலை ஆகிறது. சீமொஸ் படலையின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்திருந்தால் மிச்சத்தை நீங்களே வரையலாம்.

சின்னதாச் செய்தாச் சரிதானே? ஏன் எந்த நேரமும் கொள்ளளவம், கொள்ளளவம் எண்டு நிக்கிறியள்?

சின்னதாக்கினால் மட்டும் தருக்கம் வராது என்பதால்தான். ஒரு தருக்கப் படலையின் வெளியீடு அடுத்த தருக்கப் படலையை இயக்கவேண்டுமானால் வோல்ற்றளவு நயம் (உள்ளீட்டு மாற்றத்தைப்போல் வெளியீட்டு மாற்றம் எத்தனை மடங்கு என்பது) ஒன்றைவிடக் கூடவேண்டும். இந்தத் திரான்சிற்றரில் கிடைக்கக்கூடிய உச்ச நயம், படலை மின்வாயின் கொள்ளளவத்துக்கும் சந்திக் கொள்ளளவத்துக்கும் உள்ள விகிதம். ஆகவே படலைக் கொள்ளளவம் சந்தியினதைவிடப் பெரிதாக வேண்டும். ஆனால் படலைக் கொள்ளளவமும் தீவின் மொத்தக் கொள்ளளவத்தில் சேர்கிறது. அதைக் கூட்டினால் ஏற்றச் சக்தி விழுந்து, இயங்கும் வெப்பநிலையும் விழுகிறது. இந்த இழுபறியைத் தாளில் தீர்க்காமல் முகமூடி (சாதனத்தின் வடிவப் படம்) வரையத் தொடங்குவது வீண்வேலை.

ஓர் உதாரணம். சந்திகள் தலா 0.1 பெம்டோபரட், உள்ளீட்டுப் படலை 0.3, நகர்த்தும் படலை 0.05. மொத்தம் 0.55 பெம்டோபரட். நயத்தின் மேல் எல்லை 3. இலத்திரன் ஏற்றத்தின் வர்க்கத்தை மொத்தக் கொள்ளளவத்தால் வகுத்தால் 290 மைக்ரோ இலத்திரன்வோல்ற்று. இந்த வகை நொட் படலை ஒழுங்காக நடக்க, வெப்பச் சக்தி அதில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குக்குள் இருக்கவேண்டும் என்று கொள்கைக் கணிப்பு சொல்கிறது. அதாவது 7 மைக்ரோ இலத்திரன்வோல்ற்று அளவு, 85 மில்லிகெல்வினுக்குச் சற்றுக் குறைவு. டெல்ஃப்ட் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்து 2001இல் வெளியான நொட் படலை 25 மில்லிகெல்வினில் 2.6 நயம் கொடுத்தது. 140 மில்லிகெல்வின் வரை நயம் ஒன்றுக்கு மேல் நின்றது. படலை மின்வாயைப் பக்கத்தில் வைக்காமல் தீவுக்கும் அதற்கும் இடையே காவலிப் படை வைத்து, சமாந்தரத் தட்டுக் கொள்ளளவியாக இரண்டு அடுக்கில் கட்டியதால்தான் அந்த நயம் கிடைத்தது.

அறை வெப்பநிலையில ஓடுற மாதிரி ஏன் செய்யேலாது?

'கூலோம் தடுப்பைக் காண்பது', 'தருக்கம் செய்வது' என்ற இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். 300 கெல்வினில் வெப்பச் சக்தி 26 மில்லி இலத்திரன்வோல்ற்று. மொத்தக் கொள்ளளவம் 1 அட்டோபரட் என்றால் ஏற்றச் சக்தி அதைப்போல் மூன்று மடங்கு. படலை வோல்ற்றளவோடு ஓட்டம் கூடிக் குறையும் அலைவு மங்கலாகத் தெரியும். சில நானோமீற்றர்த் தீவோடு இதைச் செய்திருக்கிறார்கள். ஜப்பானின் என்டிடி தொலைத்தொடர்பு நிறுவன ஆய்வாளர்கள் 1990களின் நடுப்பகுதியிலேயே சிலிக்கனில் அறை வெப்பநிலை அலைவைக் காட்டினார்கள்.

தருக்கத்துக்கு மேலே சொன்ன நாற்பது மடங்கு விதியைப் போடுங்கள். மொத்தக் கொள்ளளவம் 0.15 அட்டோபரட்டுக்குள் நிற்கவேண்டும். சிலிக்கன் ஈரொட்சைட்டுக்குள் புதைந்த 1 நானோமீற்றர் விட்டமுள்ள கோளத்தின் தனிக் கொள்ளளவமே 0.2 அட்டோபரட்டைத் தாண்டும். சந்தியும் படலையும் சேரமுன்னரே கணக்கு உடைந்துவிடுகிறது. தவிர, அந்த அளவில் தீவுக்குள் குவாண்டம் சக்தி மட்டங்களின் இடைவெளியும் ஏற்றச் சக்தியோடு போட்டிபோடும், உலோகத் தீவுக்கான எளிய கொள்கை அப்படியே பொருந்தாது. 'அறை வெப்பநிலை ஒற்றை இலத்திரன் சாதனம்' என்ற தலைப்பைக் கண்டால் முதலில் நயம் எவ்வளவு என்று தேடுங்கள்.

செய்முறையைப் படிப்படியாச் சொல்லுங்கோ. அலுமினியத்திலை எப்படிச் செய்யிறவை?

நிழல் ஆவியாக்கம் என்ற முறை. ஒட்சைட்டுப் படர்ந்த சிலிக்கன் வேஃபரில் முதலில் கீழ்ப்படையாக 300 நானோமீற்றர் அளவில் ஒரு கோபொலிமர் ரெசிஸ்ற் (இலத்திரன் கற்றை பட்ட இடம் கழுவும்போது கரைந்துபோகும் பூச்சு), அதன்மேல் 60 முதல் 100 நானோமீற்றரில் பிஎம்எம்ஏ என்ற இன்னொரு ரெசிஸ்ற். கீழ்ப்படை கூடுதல் உணர்திறன் உள்ளது என்பதால் இலத்திரன் கற்றையால் எழுதிக் கழுவும்போது மேற்படைக்குக் கீழே அகலமாகக் குடைந்துபோகும். இரண்டு கோடுகளுக்கு நடுவே 100 நானோமீற்றர் இடைவெளி விட்டு எழுதினால், அந்த இடத்தில் மேற்படை மட்டும் அந்தரத்தில் ஒரு பாலமாக நிற்கும். பிஎம்எம்ஏக்கு வேண்டிய கற்றை அளவு 30 கிலோவோல்ற்றில் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 300 மைக்ரோகூலோம். 100 கிலோவோல்ற்றில் அது மூன்று மடங்களவு கூடும். எம்ஐபிகே என்ற கரைப்பான் ஒரு பங்குக்கு ஐசோபுரொப்பைல் அற்ககோல் மூன்று பங்கு சேர்த்த கரைசலில் ஒரு நிமிடம், பின் வெறும் ஐசோபுரொப்பைல் அற்ககோலில் அரை நிமிடம் கழுவி, நைதரசனால் உலர்த்துவார்கள். அடியில் மிஞ்சும் ரெசிஸ்ற்றை நீக்க ஒட்சிசன் பிளாஸ்மாவில் சில செக்கன்கள் வைப்பதுண்டு.

பிறகு வெற்றிட அறை. வேஃபரை ஒரு பக்கம் 15 பாகை சரித்து 25 நானோமீற்றர் அலுமினியம் படியவைப்பார்கள். அறையைத் திறக்காமல் தூய ஒட்சிசனை 0.1 மில்லிபார் அளவுக்கு விட்டு ஐந்து நிமிடம் வைத்தால் 1 முதல் 2 நானோமீற்றர் ஒட்சைட்டு வளரும். ஒட்சிசனை வெளியேற்றி, மறுபக்கம் 15 பாகை சரித்து 40 நானோமீற்றர். முதற்படையின் விளிம்பில் ஏறவேண்டியதால் இரண்டாவது தடிப்பாக இருக்கவேண்டும். இரண்டு படிவுகளின் பிம்பங்களும் எவ்வளவு விலகும்? பாலத்தின் உயரம் 300 நானோமீற்றர், 15 பாகையின் தான்சன் 0.268. இரண்டு பக்கமும் சேர்த்து 161 நானோமீற்றர். பாலத்தின் அகலம் 100ஐக் கழித்தால் 61 நானோமீற்றர் மேற்படிவு. கோட்டின் அகலம் 60 என்றால் பரப்பு 0.0037 சதுர மைக்ரோமீற்றர். இந்த ஒட்சைட்டுக்குச் சதுர மைக்ரோமீற்றருக்கு ஏறத்தாழ 45 பெம்டோபரட் என்று எடுத்தால் சந்தி 0.17 பெம்டோபரட். மேலே உள்ள உதாரணத்தின் 0.1 வேண்டுமானால் மேற்படிவைக் குறைக்கவேண்டும். பாலத்தை 125ஆக அகலப்படுத்தினால் போதும், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

கடைசியில் வெதுவெதுப்பான அசற்றோனில் ரெசிஸ்ற்றைக் கரைத்து, தேவையற்ற அலுமினியத்தை அதோடு கழற்றிவிடுவது. ஒட்சிசன் அழுத்தமும் நேரமும் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். சந்தித் தடையை அளந்து, அதற்கேற்பத் திருத்தியே சரியான எண்ணுக்கு வரமுடியும்.

எது பிழைக்கும்? ஏன் பிழைக்கும்?

அடிக்குடைவு மிஞ்சினால் பாலம் சரிந்துவிடும். நீளமான பாலம் உலரும்போதே தொங்கும். குடைவு போதாவிட்டால் சரித்துப் படியவைத்த அலுமினியம் ரெசிஸ்ற்றின் சுவரில் ஏறி, பின்னர் வேலிபோல் நின்று பக்கத்துக் கோட்டைத் தொடும். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இவை இரண்டும் தெளிவாகத் தெரியும். நல்ல சாதனத்தை மட்டும் அதில் அதிகம் பார்க்காதீர்கள், கற்றை ஒட்சைட்டில் ஏற்றங்களை விட்டுச்செல்லும். அதே வடிவத்தில் ஒரு பலிச் சாதனத்தைப் பக்கத்தில் வரைந்து அதைப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கொலைகாரன் நிலைமின். ஒன்றிரண்டு நானோமீற்றர் ஒட்சைட்டு 1 வோல்ற்று அளவிலேயே உடையும். உலர்ந்த நாளில் விரல் நுனியில் ஆயிரக்கணக்கான வோல்ற்று இருக்கும். மணிக்கட்டுப் பட்டி, எல்லா முனைகளையும் ஒன்றாக்கும் குறுக்கிணைப்பு, கம்பி பிணைக்கும் இயந்திரத்தின் புவித்தொடுப்பு, இவற்றில் எதையும் விடக்கூடாது. அறை வெப்பநிலையில் தடை பார்க்கும்போதும் சாதாரண மல்ரிமீற்றரை நேரே வைக்கவேண்டாம். 1 மெகாஓம் தொடரில் போட்டு, சந்தியின் குறுக்கே சில மில்லிவோல்ற்றுக்கு மேல் போகாமல் அளக்கவேண்டும். ஓரிரு கிலோஓம் வந்தால் சந்தி செத்துவிட்டது. பல மெகாஓம் வந்தால் ஒட்சைட்டு தடித்துவிட்டது, அல்லது இரண்டாவது படை விளிம்பில் ஏறவில்லை.

அலுமினியம் வேண்டாம். சிலிக்கனிலை செய்தா?

காவலியின்மேல் சிலிக்கன் என்ற வேஃபரில் ஒடுங்கிய கம்பி செதுக்கி, ஒட்சியேற்றிச் சுருக்கினால் நடுவில் தீவும் இரு பக்கமும் தடுப்பும் தாமாகவே உருவாகும். என்டிடி இந்த வழியில்தான் போனது. கொள்ளளவம் அட்டோபரட் அளவில் கிடைப்பதால் வெப்பநிலை ஏறுகிறது, பின்புல ஏற்றமும் அலுமினியத்தைவிட அமைதியாக இருக்கிறது. தீவின் அளவை விரும்பியபடி வைப்பதுதான் கடினம். 2012இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரேயொரு பொசுபரசு அணுவையே தீவாக வைத்துத் திரான்சிற்றர் செய்தார்கள்.

யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு இதில உண்மையா என்ன செய்யேலும்?

இலத்திரன் கற்றை இயந்திரமும் மில்லிகெல்வின் குளிரூட்டியும் இல்லாமல் சாதனம் செய்யமுடியாது, அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் வடிவமைப்பு முழுவதையும் ஒரு மடிகணினியில் செய்யலாம். சரியான வடிவமைப்போடு வரும் மாணவரை எந்த ஆய்வுகூடமும் மதிக்கும். மூன்று வேலைகள். கேலேஅவுட் என்ற இலவச மென்பொருளில் முகமூடியை வரையுங்கள், பைதன் நிரலாலேயே வரைந்தால் மேற்படிவை மாற்றுவது ஒரு வரி வேலை. ஃபாஸ்ற்கப் போன்ற இலவசக் கருவியால் எல்லாக் கொள்ளளவங்களையும் எடுங்கள், பக்கத்துப் படலையின் குறுக்குக் கொள்ளளவம் உட்பட. மூன்றாவது, இலத்திரன் தாவல்களின் மொன்ரே கார்லோ (தற்போக்கு எண்களால் ஓட்டும்) பாவனையாக்கம். சைமன் என்ற பெயரில் இதற்கென்றே எழுதிய மென்பொருள் உண்டு, எனினும் நீங்களே எழுதுவது நல்லது. ஒவ்வொரு தாவலுக்கும் சக்தி எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அதிலிருந்து தாவல் வீதத்தைக் கணித்து, வீதங்களின் கூட்டுத்தொகையால் காத்திருப்பு நேரத்தைத் தற்போக்காக எடுத்து, வீத விகிதப்படி ஒரு தாவலைத் தெரிந்து, திரும்பவும் முதலிலிருந்து. ஐந்நூறு வரிக்குள் முடியும். மின்வெட்டு வரும், ஆகவே நிலையை இடையிடையே கோப்பில் சேமிக்க எழுதிவையுங்கள்.

அளவீட்டுப் பக்கத்திலும் இங்கேயே கைப்பழக்கம் வரும். 100 மெகாஓம் பின்னூட்டத் தடையோடு ஓட்டத்தை வோல்ற்றளவாக்கும் விரியலாக்கி ஒன்று கட்டுங்கள். 10 பிக்கோஅம்பியர் 1 மில்லிவோல்ற்றாகத் தெரியும். எங்கள் கடற்காற்றின் ஈரமும் உப்பும் சுற்றுப்பலகையின் மேற்பரப்பில் கசிவை உண்டாக்கும். உள்ளீட்டுக் காலைச் சுற்றிக் காவல் வளையம் போட்டு, பலகையை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் கழுவி உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய உலோகப் பெட்டிக்குள் வைக்காவிட்டால், அளப்பது கசிவையே.

என்ரை பாவனையாக்கத்தில நொட் படலை வடிவா வேலை செய்யுது. அப்ப சுற்றும் வேலை செய்யுமோ?

பெரும்பாலும் இல்லை. காரணம் பின்புல ஏற்றம். ஒட்சைட்டிலோ அடியிலோ சிக்கிய ஒரு மாசு அயன் போதும், தீவில் அரை இலத்திரன் அளவுக்கு ஏற்றத்தைத் தூண்டிவிடும். அரை இலத்திரன் என்பது கோலத்தை முழுதாகத் தலைகீழாக்கும் அளவு. எனவே ஒவ்வொரு தீவும் தனக்கென்று ஒரு தற்போக்கான தொடக்கப் புள்ளியோடு வருகிறது. ஒரு நொட் படலையில் இரண்டு தீவுகள், நகர்த்தும் படலை மின்வாய்களின் வோல்ற்றளவைத் திருகிச் சரிசெய்யலாம். ஆயிரம் நொட் படலைக்கு இரண்டாயிரம் தனிக் கம்பிகள் வேண்டும். சரிசெய்தாலும் சில மணி நேரத்தில் ஓர் ஏற்றம் இடம்மாறினால் மறுபடி தொடக்கத்திலிருந்து. இந்தத் துறை பெரிய தருக்கச் சுற்றாக வளராமற்போனதற்கு, வெப்பநிலையைவிட இதுவே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து.

பாவனையாக்கத்தை நேர்மையாக்க, ஒவ்வொரு தீவுக்கும் மறை அரை முதல் நேர் அரை இலத்திரன் வரை தற்போக்கான ஏற்றம் கொடுத்து நூறு தடவை ஓட்டுங்கள். எத்தனை தடவை சரியான விடை வந்தது என்பதே அறிக்கையில் போடவேண்டிய எண். இதற்கு மாற்று வழிகள் உண்டு. அலைவின் தொடக்கப் புள்ளி ஏற்றத்தால் நகர்ந்தாலும் சிகரங்களுக்கு இடையிலான தூரமும் வீச்சும் மாறாது. ஆகவே தகவலை அவற்றில் ஏற்றினால் பின்புல ஏற்றம் தொந்தரவு செய்யாது, ஆனால் சுற்று பெருத்து வேகம் குறையும்.

ஓஃப் நிலையிலையும் கொஞ்சம் ஓட்டம் வருது. சந்தி கசியுதோ?

இருக்கலாம், ஆனால் முதலில் கூட்டுத் தாவலைச் சந்தேகியுங்கள். ஓர் இலத்திரன் உள்ளே வர, அதே கணம் இன்னொன்று மறுபக்கம் வெளியே போனால், இடையில் தடுப்புச் சக்தியைச் செலுத்தவேண்டியதில்லை. கூலோம் தடுப்பு இதை மறிக்காது. மிகக் குறைந்த வெப்பநிலையில் இந்த ஓட்டம் வோல்ற்றளவின் மூன்றாம் அடுக்காக வளரும், சாதாரணக் கசிவு நேர்கோடாக வளரும். வேறுபாட்டை வரைபில் பார்க்கலாம். சந்தித் தடையைக் கூட்டினால் இது விரைவாகக் குறையும். சந்திகளைத் தொடராக அடுக்கினாலும் குறையும். அமெரிக்காவின் நிஸ்ற் என்ற அளவீட்டு நியம நிறுவனம் 1996இல் ஏழு சந்திகளைத் தொடராக வைத்து, இலத்திரன்களை ஒவ்வொன்றாக எண்ணி அனுப்பும் பம்பியைச் செய்தது. நூறு கோடித் தாவலில் பிழை பதினைந்தளவு மட்டுமே. உங்கள் பாவனையாக்க நிரலில் கூட்டுத் தாவல் இல்லையென்றால் ஓஃப் ஓட்டம் பொய்யாகப் பூச்சியமாகத் தெரியும்.

வேகம் எப்படி? சின்னது எண்டால் வேகம்தானே?

உள்ளே வேகம்தான். 100 கிலோஓமும் 0.5 பெம்டோபரட்டும் பெருக்கினால் 50 பிக்கோசெக்கன். ஆனால் வெளியீட்டில் 100 பிக்கோபரட் கேபிளை மாட்டினால் அதே தடை 10 மைக்ரோசெக்கன் ஆக்கிவிடும். 1998இல் யேல் பல்கலைக்கழகக் குழு திரான்சிற்றரை ஓர் ஒத்திசைவுச் சுற்றில் வைத்து, தெறிக்கும் வானொலி அலையால் வாசித்து 100 மெகாஹேட்சுக்கு மேல் போனது. அது வாசிப்புக்கு உதவும். தருக்கச் சுற்றில் வெளியீட்டுக் கம்பியைக் குறுக்குவதையும், அருகிலேயே ஒரு மொஸ்பெற்றை வைப்பதையும் தவிர வேறு வழி குறைவு.

வைர வடிவக் கோலம் கிடைச்சிட்டுது. அதில இருந்து கொள்ளளவங்களை எப்படி எடுக்கிறது? சில வைரம் நடுவில மூடுப்படேல்லை, ஏன்?

படலை வோல்ற்றளவை ஒரு அச்சிலும், சாதனத்தின் இரு முனைகளுக்கும் குறுக்கே உள்ள வோல்ற்றளவை மறு அச்சிலும் வைத்து ஓட்டத்தை வரைந்தால், ஓட்டம் தடுக்கப்படும் பகுதிகள் வைர வடிவில் தெரியும். வைரத்தின் அகலம் இலத்திரன் ஏற்றத்தைப் படலைக் கொள்ளளவத்தால் வகுத்தது. நடுக்கோட்டிலிருந்து உச்சிவரை உயரம், ஏற்றத்தை மொத்தக் கொள்ளளவத்தால் வகுத்தது. நாலாவது கேள்வியின் சாதனத்துக்கு அகலம் 0.53 மில்லிவோல்ற்று, உயரம் 0.29 மில்லிவோல்ற்று வரவேண்டும். ஒரு முனையைப் புவியோடு இணைத்து மறுமுனையில் வோல்ற்றளவு கொடுத்தால், இறங்கும் விளிம்பின் சரிவு படலைக்கும் வோல்ற்றளவு கொடுத்த சந்திக்கும் உள்ள கொள்ளளவ விகிதம். நயத்தின் எல்லையும் அதுவே என்பதால், நொட் படலை கட்டமுன்னரே அது தேறுமா என்று இங்கே தெரிந்துவிடும்.

வைரம் மூடாவிட்டால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். அலுமினியம் 1.2 கெல்வினுக்குக் கீழே மீகடத்தி ஆகி, அதன் சக்தி இடைவெளி தடுப்போடு சேர்ந்துகொள்ளும். காந்தப்புலத்தை 1 ரெஸ்லா வரை ஏற்றினால் அந்த இடைவெளி மறையும். மறைந்த பின்னும் மூடாவிட்டால், கம்பி எங்கோ ஒடுங்கி இரண்டாவது தீவு ஒன்று தொடரில் உருவாகியிருக்கிறது.

எல்லாம் மூடினாலும் சிகரங்கள் எதிர்பார்த்ததைவிட அகலமாக இருந்தால் இலத்திரன்கள் குளிரவில்லை. உலோகத் தீவில் சிகரத்தின் அரை உயர அகலம் வெப்பச் சக்தியின் 4.35 மடங்கு, அதைப் படலை வோல்ற்றளவாக மாற்ற, படலைக் கொள்ளளவத்துக்கும் மொத்தக் கொள்ளளவத்துக்கும் உள்ள விகிதத்தால் வகுக்கவேண்டும். 50 மில்லிகெல்வினில் இந்தச் சாதனத்துக்கு 34 மைக்ரோவோல்ற்று. அதைப்போல் இருமடங்கு அளந்தால், குளிரூட்டியின் வெப்பமானி என்ன சொன்னாலும் இலத்திரன்கள் 100 மில்லிகெல்வினில் நிற்கின்றன. அறையிலிருந்து கம்பிவழி இறங்கும் உயர் மீடிறன் இரைச்சல்தான் காரணம். ஒவ்வொரு கம்பியிலும் குளிர்ந்த தட்டில் தடை-கொள்ளளவி வடிகட்டியும் செப்புத்தூள் வடிகட்டியும் போட்டு, அதே சிகரத்தை மறுபடி அளந்து பாருங்கள்.